முத்தல் என்று நான் வீசிய பள்ளங்கள்

நாடே பெட்ரோல் வரிசையில் நின்ற அந்த வருடம், ஆடி மாதம். லுணுகலையில் பஸ்ஸை விட்டு இறங்கி முக்கால் மணி நேரம் மேலே நடந்தால் எங்கள் தோட்டம் வரும். அங்கே தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்துக்குப் பின்னால் ஒரு பெரிய பாறை இருக்கிறது. என் பட்டப் படிப்பின் கடைசி நான்கு மாதத்தை அந்தப் பாறையின் மேல் உட்கார்ந்துதான் முடித்தேன். கெம்பஸில் சமைக்க கேஸ் இல்லை, வந்து போக பஸ் இல்லை என்று எங்கள் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மிச்சத்தை ஸூமில் முடியுங்கள் என்றார்கள். சொல்வதற்கு நன்றாகத்தான் இருந்தது. லயத்தில் எங்கள் ஒற்றை அறைக்குள், காம்பராவுக்குள், போன் சிக்னல் எட்டிக்கூடப் பார்க்காது. பாறை மேல் ஏறினால் இரண்டு கோடு வரும், அதிர்ஷ்டம் இருந்தால் மூன்று.

நான் படித்தது பௌதிகவியல். கடைசி வருட ஆய்வுக்கு எனக்குக் கிடைத்த தலைப்பைக் கேட்டு லயமே சிரித்தது. ஒரு நட்சத்திரத்தின் காந்தம் எவ்வளவு பலமானது என்று அளக்க வேண்டும். அம்மாவோடு கொழுந்து பறிக்கும் பக்கத்துக் காம்பரா அக்கா, "எங்க புள்ள நச்சத்திரத்துல காந்தம் ஒட்டப் போகுதாம்" என்று தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் போகிற வருகிற எல்லோரிடமும் சொல்லிவைத்தார்.

உண்மையில் அது அவ்வளவு மாயமான வேலை இல்லை. வெள்ளைக் குள்ளன் என்று ஒரு வகை நட்சத்திரம் உண்டு. எரிந்து முடிந்த நட்சத்திரத்தின் மிச்சம் அது. சூரியனின் பாரத்தைப் பூமி அளவு உருண்டைக்குள் அமுக்கி அடைத்தால் எப்படியோ அப்படி. அவற்றில் சிலவற்றுக்குப் பயங்கரமான காந்தம். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்தம் நூறு கௌஸ் அளவில் இருக்கும் என்றால், இவற்றுக்கு மில்லியன் கணக்கில் இருக்கும். அங்கே போய் யாரும் அளக்க முடியாது. நமக்குக் கிடைப்பது அதன் வெளிச்சம் மட்டும். அந்த வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்து ஒரு வரைபாகப் போட்டால், நட்சத்திரத்திலுள்ள ஐதரசன், அதாவது ஹைட்ரஜன், விழுங்கிய நிறங்கள் பள்ளமாகத் தெரியும். காந்தம் இருந்தால் ஒரு பள்ளம் மூன்றாகப் பிரியும். காந்தம் கூடக் கூட மூன்றும் விலகிப் போகும். எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்தால் காந்தத்தின் பலம் தெரிந்துவிடும். பெரிய தொலைநோக்கிகள் எடுத்த வரைபுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எனக்குத் தேவையானது ஒரு பழைய லெப்டொப்பும் அந்தப் பாறையும்தான்.

என் நட்சத்திரத்தின் வரைபில் எட்டுப் பள்ளங்கள் இருந்தன. சிவப்புப் பக்கம் மூன்று, அழகாக, ஏறக்குறைய ஒரே இடைவெளியில். மற்ற ஐந்தும் நீலப் பக்கமாகச் சிதறிக் கிடந்தன. ஒரு பக்கம் செங்குத்தாக இறங்கி மறுபக்கம் சரிந்து, பார்க்கவே கோணல்மாணலாக இருந்தன.

இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். அதைச் சொல்லுமுன் என் சின்ன வயதுச் சனிக்கிழமைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் அம்மாவோடு மலைக்குப் போய்விடுவேன். கொழுந்தை எடை போடும் நிறுவைக்கு முன்னால் பெண்கள் இடுப்பில் கட்டியிருக்கும் படங்கை, அந்தத் தடித்த துணியை, அவிழ்த்துத் தரையில் விரித்துக் கூடையைக் கொட்டுவார்கள். அதிலிருந்து முத்தல் இலை, தண்டு, பழுப்பு எல்லாவற்றையும் பொறுக்கித் தேயிலைச் செடியின் அடியில் போடுவது என் வேலை. இரண்டு இலையும் ஒரு குருத்தும் மட்டும் மிஞ்ச வேண்டும். கங்காணி வந்து கையை விட்டு அள்ளிப் பார்ப்பார். ஒரு முத்தல் கண்ணில் பட்டுவிட்டால் போதும், "மாட்டுக்கா பறிச்சிருக்க?" என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்பார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு நிற்பதைப் பார்க்க எனக்கு அழுகை வரும். அதனால் என்னைப் போல முத்தல் பொறுக்க அந்த மலையில் ஆளே கிடையாது. கண் பார்க்குமுன் கை பொறுக்கிவிடும்.

பெரிய ஆட்களுக்கு எதையாவது காட்டுவதற்கு முன் சுத்தம் செய்துவிட வேண்டும் என்பது அப்படி எனக்குள் ஊறிப்போயிருந்தது. அந்த வரைபை எங்கள் விரிவுரையாளருக்கு அனுப்புமுன் கோணலாக இருந்த ஐந்தையும் பொறுக்கி எடுத்தேன். நீலப் பக்கம் இரைச்சல், அர்த்தமில்லாத ஏற்ற இறக்கம், அதிகம் என்று எனக்கு நானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டேன். மூன்று பள்ளத்தில் நடுவில் இருந்தது கொஞ்சம் இடம் தள்ளி இருந்தது. அதையும் கருவியின் பிழை என்று நகர்த்தி வைத்தேன். ஏமாற்ற வேண்டும் என்று சத்தியமாக நினைக்கவில்லை. வீசியவற்றை அழிக்கவும் மனம் வரவில்லை. "முத்தல்" என்று பெயர் வைத்து ஒரு கோப்பில் போட்டு வைத்தேன்.

அந்த விரிவுரையாளருக்கு, எங்கள் சேருக்கு, அப்படி ஒரு சந்தோஷம். அவர் நல்ல மனிதர், ஆனால் நட்சத்திரம் அவருடைய துறை இல்லை. மேய்க்க ஏழு மாணவர்கள், அதற்கு நடுவில் பெட்ரோல் வரிசை வேறு. நான் அனுப்பிய மூன்று பள்ளத்தை மட்டும்தான் அவர் பார்த்தார். பாடப் புத்தகத்தில் வருவது போல இருக்கிறதே என்றார். காந்தப்புலம் பதினொரு மில்லியன் கௌஸ் என்று நான் கணக்குப் போட்டதை ஏற்றுக்கொண்டார். மாணவர் ஆய்வுகளின் சுருக்கத் தொகுப்புக்குத் தன் பெயரையும் சேர்த்து அனுப்பினார். கூடவே இன்னொன்றும் சொன்னார். துறையில் ஓர் உதவியாளர் இடம் இருக்கிறது, இறுதி விளக்கவுரை நன்றாக அமைந்தால் உன் பெயரைத்தான் சொல்வேன் என்றார்.

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் எத்தனை கோட்டை கட்டினேன் தெரியுமா! அம்மாவுக்கு இடது முழங்கால் இரண்டு வருடமாக வீங்கிக் கிடந்தது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும்போது படியில் பக்கவாட்டாகத்தான் இறங்குவார். அப்பா இல்லாத வீடு எங்களுடையது. எனக்கு அந்த இடம் கிடைத்தால் மறுநாளே அம்மாவை மலையிலிருந்து இறக்கிவிடலாம். வேறு எந்த ஆசையும் எனக்கு அப்போது இல்லை.

விளக்கவுரைக்கு ஐந்து நாள் இருந்தது. படங்களை இன்னும் நிறைவாகக் காட்டலாமே என்று, பதினொரு மில்லியனுக்கு ஐதரசனின் அடுத்த பள்ளமும் எங்கெங்கே பிரிந்து நிற்க வேண்டும் என்று கணக்குப் போட்டு முழு வரைபின் மேல் கோடு இழுத்தேன். கோடு இழுத்த இடத்தில் ஒரு பள்ளமும் இல்லை. நான் பொறுக்கி வீசிய ஐந்தும், எந்தக் கோட்டுக்கும் பக்கத்தில் வராமல், என்னைப் பார்த்துக்கொண்டு நின்றன. கணக்குத் தப்பு என்று திரும்பப் போட்டேன். மூன்று தரம் போட்டேன். கணக்கில் தப்பே இல்லை.

அந்த மூன்று பள்ளமும் ஒரே பள்ளத்திலிருந்து பிரிந்தவையே இல்லை. தற்செயலாகப் பக்கத்தில் பக்கத்தில் நின்றவை. பதினொரு மில்லியன் என்பது நானே பொறுக்கிப் பொறுக்கி உண்டாக்கிய எண்.

அம்மா அந்தி நிறுவை முடிந்து வந்ததும் எல்லாவற்றையும் கொட்டினேன். எது பிழை, ஏன் பிழை, சேரிடம் சொன்னால் என்ன ஆகும் என்று ஒன்று விடாமல். அம்மா காலுக்கு எண்ணெய் தேய்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். முதலில் அவருக்கு வந்தது எரிச்சல்தான்.

"முத்தல பொறுக்கறது கொழுந்துல. நீ எதுக்குடி நச்சத்திரத்துல போயி பொறுக்குன?" என்றார்.

பிறகு அம்மா குரலைத் தாழ்த்தினார். "சேரே சரின்னு சொல்லிட்டாருல்ல. அப்பறம் நீ ஏன் வாயக் குடுத்து மாட்டிக்கிற? பேசாம இரு. வேலைய வாங்கிட்டு பெறகு சரி பண்ணிக்க."

அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். பெரட்டுக் களத்தில் முப்பது வருடம் நின்றவர். மேலே இருப்பவர் சரி என்று சொல்லிவிட்டால், இல்லை என்று வாயைத் திறப்பவருக்கு மறுநாள் செங்குத்தான மலையில்தான் நிரை, பறிக்க வேண்டிய செடி வரிசை, கிடைக்கும். ஆனால் எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் ஏறியது. அம்மாவின் மேல் இல்லை, என் மேல்தான். அந்த வீங்கிய காலைப் பார்க்கப் பார்க்க, பேசாமல் இருந்துவிடலாமே என்று எனக்கும் தோன்றியதே, அதன் மேல். பொய்யான ஓர் எண்ணை வைத்தா அம்மாவை இறக்கப் போகிறேன்? நாளைக்கு வேறு யாராவது அதே நட்சத்திரத்தைப் பார்த்தால் பிழை அப்படியே தெரிந்துவிடும். தெரியாமலே போனாலும் எனக்குத் தெரியுமே. இல்லம்மா, சொல்லத்தான் போகிறேன் என்றேன். அம்மா எண்ணெய்ப் போத்தலை மூடிவைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார்.

காலையில் பாறை மேல் ஏறி சேருக்குப் போன் எடுத்தேன். பொறுக்கி வீசியதை மறைக்காமல் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. தன் பெயரும் போய்விட்டதே என்று மட்டும் சொன்னார். சுருக்கத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகவும், விளக்கவுரையின் நாளை மாற்ற முடியாது என்றும், நான்கு நாளில் சரியான பதில் கண்டுபிடிக்க முடிந்தால் கண்டுபிடி, முடியாவிட்டால் பிழையை மட்டும் சொல்லிவிட்டு உட்கார் என்றும் சொன்னார். உதவியாளர் இடத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

நான்கு நாள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிழையை மட்டும் சொல்லிவிட்டு உட்காரும் ஆள் நான் இல்லை.

காந்தம் நூறு மில்லியனைத் தாண்டிப் போனால் என்ன நடக்கும் என்று இணையத்தில் தேடித் தேடிப் படித்தேன். அங்கே மூன்றாகப் பிரிகிற கதையெல்லாம் செல்லாதாம். காந்தம் கூடக் கூடப் பள்ளங்கள் நிறம் விட்டு நிறம் ஓடுமாம். நட்சத்திரத்தின் எல்லா இடத்திலும் காந்தம் ஒரே அளவில் இருக்காது என்பதால் பெரும்பாலான பள்ளங்கள் கலைந்து காணாமலே போய்விடுமாம். போய்க்கொண்டே இருக்கும் பள்ளம் ஓரிடத்தில் நின்று திரும்பும் என்றால், அந்தத் திரும்பும் இடத்தில் மட்டும் அது தெரியுமாம். வாசகம் புரிந்தது. ஏன் என்பது மண்டையில் ஏறவே இல்லை.

அன்று மத்தியானம் அம்மாவுக்குச் சோறு கொண்டு மலைக்குப் போனேன். முந்தின நாள் சண்டைக்குப் பிறகு அம்மா என்னோடு சரியாகப் பேசவில்லை. பக்கத்துக் காம்பரா அக்கா சும்மா இருப்பாரா, என்ன புள்ள, நச்சத்திரம் கைய விட்டுருச்சா என்று ஆரம்பித்தார். பள்ளங்கள் ஓடுவதை அவருக்கு விளங்கப்படுத்துவதற்காகத்தான் எதிர் மலையைக் காட்டினேன். அங்கே இன்னொரு கூட்டம் பறித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொருவரும் தன் நிரையைப் பிடித்துக்கொண்டு, ஆளுக்கொரு வேகத்தில், குறுக்கே போய்க்கொண்டிருந்தார்கள். இவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் நடுமலையில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று ஒன்றும் தெரியவில்லை. ஆனால் தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில், நிரை முடிந்து திரும்பும் இடத்தில், தலைத்துண்டுகள் கூட்டமாகத் தெரிந்தன. முன்னால் வந்தவர் திரும்புவதற்குள் பின்னால் வந்தவரும் வந்து சேர்ந்துவிடுகிறார்.

அப்படியே நின்றுவிட்டேன். கான் ஓரத்தில் ஒரு பக்கம் சட்டென்று ஆட்கள் முடிந்துவிடுகிறார்கள், மறுபக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறார்கள். நான் கோணல் என்று வீசிய பள்ளங்களும் அப்படித்தானே இருந்தன! ஒரு பக்கம் செங்குத்து, மறுபக்கம் சரிவு. அவை முத்தல் இல்லை. அவைதான் கொழுந்து.

சோற்றுப் பாத்திரத்தை அங்கேயே வைத்துவிட்டு நான் ஓடியதை அந்த அக்கா இன்றைக்கும் நடித்துக் காட்டுவார்.

இனி ஒன்றுதான் தேவைப்பட்டது. எந்தப் பலத்துக்கு எந்தப் பள்ளம் எங்கே நிற்கும் என்ற அட்டவணை. அதைப் பல வருடத்துக்கு முன்னால் யாரோ கணக்கிட்டு வைத்திருந்தார்கள், ஆனால் இணையத்தில் அதைப் பார்க்கக் காசு கேட்டார்கள். எங்கோ ஒரு தேசத்தில் இதே வேலையைச் செய்யும் ஒரு பேராசிரியருக்கு, முன்பின் தெரியாதவருக்கு, துணிந்து ஒரு மின்னஞ்சல் போட்டேன். மறுநாள் காலையில் அட்டவணை வந்து கிடந்தது. கூடவே இரண்டு வரி வாழ்த்து. பழைய அச்சுப் பக்கங்களைப் படம் பிடித்தது அது. எண்களை அப்படியே எடுக்க முடியாது. ஒவ்வொன்றாகப் பார்த்துத் தட்டச்சு செய்ய வேண்டும். பக்கங்களோ நாற்பதுக்கு மேல்.

மின்வெட்டு ஒரு பக்கம். லுணுகலை டவுனில் சலூன் வைத்திருந்த ஓர் அண்ணனிடம் பெரிய பற்றரி ஒன்று இருந்தது. காலையில் முக்கால் மணி நேரம் இறங்கிப் போய் அங்கே லெப்டொப்பைச் சார்ஜ் போட்டு, அட்டவணையைப் பக்கத்துக் கடையில் அச்செடுத்து, மறுபடி ஏறி வந்தேன். பாறையில் உட்கார்ந்தால் அடுத்த தொல்லை. கச்சான் காற்று தாளைப் பிடுங்கிக்கொண்டு போகிறது. வெயிலில் திரை கண்ணாடி போல என் முகத்தைத்தான் காட்டுகிறது. ஒரு கண்ணைத் தாளிலும் ஒரு கண்ணைத் திரையிலும் வைத்து அடித்ததில் எண்கள் வரி மாறிப் போயின. ஒரு பக்கத்தை மூன்று தரம் அழித்தேன். எனக்கே என் மேல் பரிதாபமாகிவிட்டது.

அந்தி நிறுவை முடிந்து அம்மா வீட்டுக்குப் போகாமல் நேரே பாறைக்கு ஏறி வந்தார். அந்தக் காலோடு எப்படி ஏறினார் என்று தெரியவில்லை. இடுப்பிலிருந்த படங்கை அவிழ்த்தார். என் தலைக்கும் லெப்டொப்புக்கும் சேர்த்துப் போர்த்தி, ஒரு முனையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, மறுமுனையைக் காலால் மிதித்துக்கொண்டார். உள்ளே இருட்டாகி, திரை பளிச்சென்று தெரிந்தது. பிறகு தாள்களை என் மடியிலிருந்து எடுத்தார்.

"எண்ணு வாசிக்கத் தெரியும் எனக்கு. நீ அடி" என்றார்.

அம்மா நான்காம் வகுப்போடு நின்றவர். நாலு, ஒன்னு, மூணு, புள்ளி, அஞ்சு என்று நிறுவைக் களத்தில் கூப்பிடுவது போலக் கணீரென்று வாசித்தார். நான் அடித்தேன். தப்பாக அடித்தால் இருக்கட்டும் என்று விடுகிற ஆள் இல்லை, இன்னொருக்கா சொல்லு பாப்போம் என்று என்னைத் திருப்பிச் சொல்லவைத்துச் சரிபார்த்தார். பொழுது சாயும்வரை அன்றும், அதற்கு அடுத்த நாளும். படங்குக்குள் தேயிலைப் பால் வாசமும் அம்மாவின் எண்ணெய் வாசமும். ஒருமுறை, இதெல்லாம் என்ன எண் என்று கேட்டார். ஒவ்வொரு பள்ளமும் எங்கே திரும்பும் என்பது என்றேன். கான் எங்கே இருக்கு என்கிறது, அவ்வளவுதானே என்றார். அதைவிட நன்றாக நான் பிறகு யாருக்கும் சொன்னதில்லை.

விளக்கவுரைக்கு முந்தின நாள் எல்லாப் பள்ளங்களையும் திருப்பி வைத்தேன். முத்தல் கோப்பைக் காலி செய்தேன். நகர்த்தியதை அதன் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். அட்டவணையோடு பொருத்திப் பார்த்தேன். இருநூறு மில்லியன் கௌஸைத் தாண்டியதும் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. ஏழு பள்ளம். நான் முன்பு சொன்னதைவிட ஏறக்குறைய இருபது மடங்கு பலமான காந்தம்! பாறை மேல் நின்று கத்தினேன். கீழே லயத்து நாய்கள் பதிலுக்குக் குரைத்தன.

ஆனால் எட்டாவது பள்ளம் எங்கேயும் உட்காரவில்லை. நீலப் பக்கத்து ஓரத்தில், சின்னதாக, பிடிவாதமாக நின்றது. எந்தப் பலத்தைப் போட்டாலும் அதற்கு இடமில்லை. அட்டவணையைத் தலைகீழாகப் பார்த்துவிட்டேன். கடைசி ராத்திரி மட்டும் ஒரு நினைப்பு வந்தது, இந்த ஒன்றைத்தானே, யாருக்குத் தெரியப் போகிறது என்று. கை பழக்கம் அப்படி. கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

விளக்கவுரை அன்று அம்மா வேலைக்குப் பேர் போடவில்லை. லயத்தில் யாராவது செத்தால்தான் அம்மா அப்படி வீட்டில் நிற்பார். வெயில் ஏறிய பத்து மணிக்கு இருவரும் பாறை மேல் ஏறினோம். அதே படங்கு, அதே தோள், அதே கால். கெமராவில் தெரிந்ததெல்லாம் பழுப்புப் படங்குக்குள் ஒரு முகம். அந்தப் பக்கம் சேரும், இன்னொரு விரிவுரையாளரும், வெளியிலிருந்து வந்த பரிசோதகர் மேடமும்.

முதல் படமாக அந்தச் சுத்தமான மூன்று பள்ளத்தைப் போட்டேன். இது பிழை, நான் ஐந்து பள்ளங்களை எடுத்துவிட்டு வரைந்தது என்று சொன்னேன். பிறகு முழு வரைபைப் போட்டேன். நிரையையும் கானையும் சொல்லித்தான் விளங்கப்படுத்தினேன். கேட்டவர்களில் தேயிலைத் தோட்டம் பார்க்காதவர் யாருமில்லை. அந்த இடத்தில் மேடம் தலையை ஆட்டியது எனக்குத் தெரிந்தது.

முடித்ததும் மேடம் கேட்டார். முதல் வரைபைச் சுத்தம் செய்தவர் இந்த இரண்டாவதையும் சுத்தம் செய்யவில்லை என்று நான் எப்படி நம்புவது? சுருக்கென்று தைத்தது. ஆனால் கேட்க வேண்டிய கேள்விதான். நான் எட்டாவது பள்ளத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். இது பொருந்தவில்லை, எடுக்கவும் இல்லை என்றேன். அப்படியானால் அது என்ன என்று கேட்டார்.

பெரிய ஆட்கள் கேட்டால் ஏதாவது ஒரு பதில் கொடுத்துவிட வேண்டும், வெறுங்கையோடு நிற்கக் கூடாது. எனக்குத் தெரிந்த மலை அப்படித்தான் எனக்குச் சொல்லியிருந்தது. இரைச்சல் என்று சொல்லலாம். கருவியின் பிழை என்று சொல்லலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"ஐ டோன்ட் நோ, மேடம்" என்றேன்.

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அந்த மூன்று வார்த்தை தெரியும். தோளில் கிடந்த படங்கு ஒருமுறை அசைந்தது. அவர் என் முதுகில் கையை வைத்தார். மேடம் எதையோ எழுதிக்கொண்டு, நன்றி என்று மட்டும் சொன்னார்.

உதவியாளர் இடம் எனக்குக் கிடைக்கவில்லை. முதல் பிழைக்காகப் புள்ளி குறைந்தது, அது நியாயம்தான். என் வகுப்புத் தோழி ஒருத்திக்குக் கிடைத்தது, அவள் அதற்குத் தகுதியானவள். செய்தி வந்த அன்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பீலியடியிலேயே நின்றேன். சொன்னதும் அம்மா, "இன்னொரு வருசம் போறேன், அவ்வளவுதானே. மலை எங்கயும் ஓடிறாது" என்றார். ஒரு வருடம் இல்லை, ஒன்றரை வருடம் போனார். அந்த ஒன்றரை வருடத்தில் காலையில் அவர் பக்கவாட்டாகப் படியிறங்கும் ஒவ்வொரு நாளும், நான் அவரை விலையாகக் கொடுத்துவிட்டேனோ என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. அதை நான் மறைக்கப் போவதில்லை.

இப்போது பதுளைப் பக்கம் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அம்மா மலையிலிருந்து இறங்கிவிட்டார். சேர் ஒருநாள் அவராகவே போன் எடுத்து, இன்னும் சில நட்சத்திரங்களைப் பார்க்கிறாயா என்று கேட்டார். விடுமுறையில் பார்க்கிறேன். எதையும் பொறுக்குவதற்கு முன் ஒருமுறை கையை மடியில் வைத்துக்கொள்வது பழக்கமாகிவிட்டது.

அந்த எட்டாவது பள்ளத்துக்கு இன்றுவரை எனக்கு விடை தெரியாது. வரைபை அச்செடுத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டுக்குப் போனால், சாப்பிட்டாயா என்று கேட்குமுன் அம்மா கேட்பது இதுதான்: "அந்த ஒத்தப் பள்ளம் என்னாச்சு?" இன்னும் தெரியலம்மா என்பேன். சரி, வீசிறாத என்பார். மலையில் முப்பது வருடம் முத்தல் பொறுக்கியவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம், அன்று நான் இழந்த வேலையைவிடப் பெரியதாக ஒன்று அந்தப் பாறை மேல் எங்கள் இருவருக்கும் கிடைத்தது என்றே நினைத்துக்கொள்கிறேன்.